கருப்பணாரின் தடத்தில் நின்ற ஜீப்

எங்கள் ஜீப்பின் எஞ்சின் செத்தபோது கேரண்டி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் என்று சேலத்துக் கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கெடுவை எஞ்சினிடம் யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. அதுவரை முக்கி முனகி ஓடியது. கெடு முடிந்ததும் திருமணிமுத்தாற்று மணலின் நட்ட நடுவில் ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. ஹேண்டிலைச் செருகி நாலு ஆண்பிள்ளைகள் தொங்கிப் பார்த்தார்கள். இம்மி அசையவில்லை. எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்றார்கள். கடைசியில் இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார்கள்.

அன்று நான் அழுதேன். இனி வெற்றிலைக் கட்டுகளை எப்படி ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோவது, ஊர் என்னவெல்லாம் பேசும் என்று நினைத்து அழுதேன். அந்த அழுகையைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம். அதைவிடப் பெரிய கஷ்டம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பாவாயி. பரமத்தி வேலூருக்கு வடக்கே, ஆற்றின் மேற்குக் கரையில் எங்கள் தோட்டம். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கொஞ்சம் கரும்பு. தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுச் சாளை கட்டிக் குடியிருக்கிறோம். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் நல்ல தூரம். நம் கோயில் திருப்பணி மலருக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று பங்காளிகள் வந்து கேட்டார்கள். நான் எதையும் கூட்டவில்லை. குறைக்கவும் போவதில்லை, படிப்பவர்களில் சிலருக்குச் சங்கடமாக இருந்தாலும்.

நடந்தது எழுபத்தெட்டாம் வருடம், ஆடி மாதம்.

நம் கருப்பணாருக்குக் குதிரை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற ஊர்க் கருப்பணார்களுக்கு மண்குதிரை உண்டு. நம்மவர் நடந்தே வேட்டைக்குப் போகிறவர். உச்சிப்பொழுதில் கோயிலை விட்டு இறங்கி, ஆறு வரைக்கும் போய்த் திரும்புவார். அவர் போய்வருவதற்காக எங்கள் காடுகளின் குறுக்கே ஒரு வண்டி போகும் அகலத்துக்கு நிலத்தை உழாமல் விட்டிருக்கிறோம். அதற்குத் தடம் என்று பெயர். ஒரு முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போவார்கள், தடத்தில் மட்டும் யாரும் மண்வெட்டி வைக்க மாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் அதில் சோளம் காயப்போட்டதற்கு என் மாமியார் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு அன்றைக்கு இதில் நம்பிக்கை இல்லை. சாமி இல்லை என்று பேசுகிற கூட்டங்களுக்குப் போய் மணிக்கணக்காகக் கேட்டுவிட்டு வருவார். வந்து அதை என்னிடம் பேசுவார், நான் உள்ளே போய்விட்டால் மாடுகளிடம் பேசுவார். நல்ல மனுஷர். வாய்தான் அடங்காது.

எங்கள் ஆற்று மணலில் லாரி இறங்காது. மழைக்காலத்தில் களிமண்ணில் மாட்டு வண்டி அச்சு வரைக்கும் புதையும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப்தான் சரி என்று சொல்லித் தை மாதத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். புதுசு. எலுமிச்சம்பழம் நசுக்கவில்லை, கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்த ஒரு இடம் வேண்டுமே. சும்மா கிடக்கிற பூமி என்று சொல்லித் தடத்தின் மேலேயே கல்லுக்கால் நட்டுத் தகரக் கொட்டகை போட்டார். பங்காளிகள் வந்து நின்றார்கள்.

"ஏனப்பா நாச்சிமுத்து, சாமி போற தடம்னு தெரிஞ்சே போடறயா?"

"சாமிக்குச் சுத்திப் போகத் தெரியாதுங்களா? இந்தப் பக்கமா சோளக்காடுதான கெடக்குது. அதுல நடந்து போகச் சொல்லுங்க."

அவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு அந்த ஜீப் பிடித்திருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போய் ஸ்டீரிங் முன்னால் உட்கார வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "கிளச்ச மெல்ல உடு புள்ள. வாயில ஹோ ஹோன்னா நிக்கறதுக்கு அதென்ன மாடா?" என்று சிரிப்பார். இரண்டாவது கியர் வரைக்கும் எனக்கு வரும். அதற்கு மேல் போட்டால் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான்.

இனிமேல் எழுதுவதைக் கோயில் மலரில் எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இது இல்லாமல் என் சாட்சி நிற்காது. மாதாமாதம் நான் வீட்டுக்குத் தூரமாகும் நாட்களில் உட்காருகிற இடம் அந்தக் கொட்டகையை ஒட்டித்தான் இருந்தது. சாளைக்குள் போகக் கூடாது. மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் போகக் கூடாது. கொடிக்காலுக்குள் காலே வைக்கக் கூடாது, வெற்றிலை கருகிப்போகும் என்பார்கள். அதனால் கொட்டகைத் தகரத்தை ஒட்டி, தடத்துக்கு வெளியே, ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கிக் கொடுத்திருந்தார் என் வீட்டுக்காரர். ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு வட்டில். மத்தியானத்தில் எல்லோரும் சோறு தின்றுவிட்டுக் கண் அயர்ந்துவிடுவார்கள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான் விழித்திருப்பேன்.

மாசி மாதம் அப்படி உட்கார்ந்திருந்தேன். காற்று இல்லை. காக்கை குருவிச் சத்தம்கூட இல்லை. கொட்டகைக்குள் ஜீப்பின் சீட்டு அமுங்குகிற சத்தம் கேட்டது. கனமான ஆள் உட்கார்ந்தால் அந்த ஸ்பிரிங் ஒரு மாதிரி முனகும். பிறகு நான் முதுகைச் சாய்த்திருந்த தகரம் மெல்ல நடுங்க ஆரம்பித்தது. எஞ்சின் ஓடும்போது நடுங்குமே, அந்த நடுக்கம். வீட்டுக்காரர் எங்கேயோ கிளம்புகிறார் என்று நினைத்துக்கொண்டு சாளைப் பக்கம் திரும்பினேன். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜீப் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

நடுக்கம் நிற்கும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. கொட்டகை முழுக்கச் சுருட்டு வாசம். எங்கள் வீட்டில் யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை.

அவர் எழுந்ததும் சொன்னேன்.

"வெயில்ல தகரம் காயுது, அதுக்குக் கீழ நிக்கற வண்டியும் காயுது. இதுக்கு எதுக்குப் புள்ள கருப்பணாரைக் கூப்பிடற?"

"தகரம் காஞ்சா சீட்டு அமுங்குமுங்களா?"

"நீ உக்காந்துட்டே தூங்கியிருப்ப" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

பங்குனியிலும் கேட்டது. சித்திரையில் கேட்டபோது டயரின் பல் இடுக்குகளில் ஈர மணல் இருந்தது. ஜீப் அதற்கு முந்தின நாளிலிருந்து கொட்டகையை விட்டு வெளியே போகவில்லை. அதைக் காட்டியபோது அவருக்கும் முகம் மாறியது. ஆனால் அவர் சாமி பக்கம் போகவில்லை, திருட்டுப் பக்கம் போனார். எவனோ மத்தியானத்தில் எடுத்து ஓட்டுகிறான் என்று சக்கரத்துக்கும் கல்லுக்காலுக்கும் சங்கிலி போட்டுப் பூட்டினார். வைகாசியில் சங்கிலி போட்டபடி இருந்தது. பானெட் மட்டும் சுட்டது. கிலோமீட்டர் முள்ளைக் குறித்து வைத்துப் பார்த்தார், அதுவும் நகரவில்லை. அதற்குப் பிறகு சங்கிலியைக் கழற்றிப் போட்டார், இந்தப் பேச்சை எடுத்தாலே என் மேல் எரிந்து விழுந்தார்.

எஞ்சின் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. மேடு ஏறத் திணறும். கறுப்புப் புகை தள்ளும். ஊற்றிய ஆயில் எங்கே போகிறது என்றே தெரியாது. கேரண்டி இருக்கும்போதே சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே விட்டால் நன்றாக ஓடும், திரும்பி நம் கொட்டகைக்கு வந்தால் பழையபடி. கடைசித் தடவை அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியை ராப்பகலாக வாடகைக்கு விடுகிறீர்களா என்று கேட்டாராம். உள்ளே பல வருடம் ஓடின வண்டியின் தேய்மானம் இருக்கிறது, முள் காட்டுகிற தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாராம். என் வீட்டுக்காரர் வந்து இதைச் சொன்னபோது அவருடைய குரலில் கூட்டத்துப் பேச்சு இல்லை. அதற்குப் பிறகுதான் கெடு முடிந்தது, எஞ்சின் ஜாம் ஆனது. கெடு தாண்டிப்போன வண்டிக்குத் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேலூரிலிருந்து காசிம் பாயைக் கூட்டிவந்தோம். லாரி வேலை பார்க்கிற மெக்கானிக், அதிகம் பேசாதவர். ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஆயிலையும் தண்ணீரையும் முழுக்க வடித்துவிட்டார்.

"எஞ்சினைக் கீழ இறக்கித்தான் பாக்கணும். ஆடிப் பதினெட்டு கழியட்டும், செயின் பிளாக்கோட வாரேன். அதுவரைக்கும் யாரும் சாவி போட வேண்டாம்" என்றார். எழுந்து கை துடைத்தவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "இங்க யாருங்க சுருட்டுக் குடிக்கிறது?"

யாரும் இல்லை என்றேன். அவர் உதட்டுக்குள் ஏதோ ஓதினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. அன்றைக்கு நம் கருப்பணாரின் வேல்களையும் அரிவாளையும் காவேரிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவது வழக்கம். விடியற்காலையிலேயே பங்காளிகள் அத்தனை பேரும் வண்டி கட்டிக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டார்கள். என் பிள்ளைகளையும் கூட்டிப்போனார்கள். ஆள்காரர்களும் போய்விட்டார்கள். எங்கள் மாடும் வண்டியும் அவர்களோடு போயிற்று. என்னால் போக முடியவில்லை. அன்றைக்குக் காலையில்தான் தூரமானேன். என் வீட்டுக்காரரும் போகவில்லை. "வேலு குளிக்கறதுக்கு நான் எதுக்கு? அதுக்கு முதுகா தேய்க்கணும்?" என்று சொல்லிவிட்டு வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். காவேரியில் புதுத்தண்ணீர் கரை புரண்டு ஓடும் காலம், எங்கள் ஆறோ வெறும் மணல். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. அடுப்புப் புகைகூட எங்கும் தெரியவில்லை.

உச்சிப்பொழுதில் மடை அடைக்கக் கோணிச்சாக்கு எடுக்கக் கொட்டகைக்குள் போனார். நான் சாய்ப்பில் இருந்தேன். சாக்கை உதறும் சத்தம் கேட்டது. பிறகு "பாவாயி" என்று ஒரு குரல். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

தூரம் என்பதெல்லாம் மறந்துபோய் ஓடினேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்கு மடிப்பிலிருந்து விழுந்த கண்ணாடி விரியன் ஜீப்புக்கு அடியில் நெளிந்து போய்க்கொண்டிருந்தது. என் முந்தானையைக் கிழித்துக் கெண்டைக்காலில் கட்டினேன். வெளியே ஓடி வந்து நாலு பக்கமும் கத்தினேன். என் குரல் எனக்கே திரும்பி வரவில்லை. மறுபடி உள்ளே வந்தபோது அவருடைய பல் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. விரியன் கடித்தால் அப்படித்தான் வரும், பார்த்திருக்கிறேன். அப்படி வந்த பிறகு பிழைத்தவர்களை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது என்பார்கள். நாமக்கல்லுக்குப் போக ஆற்றைத் தாண்டி ரோட்டுக்குப் போக வேண்டும். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. என்னால் அவரைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் நடக்க முடியாது.

"ஜீப்ப எடு" என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே ஞாபகம் வந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியாது.

ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். ஆயில் இல்லாத, தண்ணீர் இல்லாத, செத்த வண்டி என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவரை இழுத்துப்போய் அதில் ஏற்றினேன். வேறு எதுவும் அங்கே இல்லை. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திருகினேன். ஒரு முனகல்கூட வரவில்லை. இன்னொரு தடவை திருகினேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பயம் போய்விட்டது, கோபம் மட்டும் இருந்தது. கோயில் இருக்கிற திசையைப் பார்த்து வாய் விட்டுப் பேசினேன்.

"கருப்பணாரே, நான் தூரம். இன்னிக்கு உன்ர பேரை வாயில எடுக்கக் கூடாது. எடுக்கறேன். ஆறு மாசமா மத்தியானத்துல என்ர ஊட்டு வண்டியை எடுத்து ஓட்டினது நீதான். ஒரு வார்த்தை எங்களைக் கேக்கலை. நீ ஓட்டித் தேய்ச்சுப்போட்ட வண்டி இது. எனக்கு ஒரே ஒருக்கா ஓட்டிக் குடு. இந்த மனுசன் உன்னைய இல்லைன்னு சொன்னாரு, நான் சொல்லலை. இவருக்காக வர வேண்டாம். எனக்காக வா."

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை. அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்குள் திடீரென்று குளிர்ந்தது. ஆடி வெயிலில், தகரத்துக்கு அடியில், என் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. சுருட்டு வாசம் வந்தது. சீட்டின் ஸ்பிரிங் மெல்ல முனகி அமுங்கியது. சுற்றி இருந்த தகரம் நடுங்க ஆரம்பித்தது. ஜீப் நகர்ந்தது.

சத்தம் இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யாருக்கும் புரிவதில்லை. எஞ்சின் சத்தமே இல்லை. டயர் மணலை அரைக்கிற சத்தம் கேட்டது, அவருடைய மூச்சு கேட்டது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. தடத்தின் வழியாகவே நேராக ஆற்றுக்கு இறங்கியது. நாங்கள் எப்போதும் இறங்குகிற வண்டிச் சாலை வேறு, இது வேறு. ஆற்றில் தண்ணீருக்காக ஆள் ஆழத்துக்கு ஊற்றுக்குழிகள் தோண்டிப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு குழியையும் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. ஸ்டீரிங் என் கையில் இருந்தது என்றுதான் எனக்கு ஞாபகம். அது நான் திருப்புவதற்கு முன்னால் திரும்பியது என்றும் ஞாபகம். கியரை மாற்றினேனா என்று தெரியாது. எனக்கு இரண்டாவது கியர் வரைக்கும்தான் வரும் என்று சொன்னேன். ரோட்டில் ஏறிய பிறகு புளிய மரங்கள் போன வேகம் இரண்டாவது கியரின் வேகம் இல்லை.

ரோட்டில் காசிம் பாய் எதிரே சைக்கிளில் வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு ஒரு காலை ஊன்றி நின்று கையைத் தூக்கினார். நிறுத்த முடியவில்லை, கடந்து போய்விட்டோம்.

ஆஸ்பத்திரி வாசலில் தானாக நின்றது. ஆட்கள் ஓடி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி இருந்தது. டாக்டர் வெளியே வந்து, எந்த ஊர், எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். ஜீப்பில் என்றேன். யார் ஓட்டியது என்றார். நான்தான் என்றேன். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா ஓட்டினீங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கும் மறுநாளும் அவர் பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. ரத்தம் நிற்கவில்லை. வராந்தாவில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். காவேரியிலிருந்து சேதி தெரிந்து ஓடி வந்த பங்காளிகள் ஈர வேட்டியோடு சுற்றி நின்றார்கள். பிறகு ரத்தம் நின்றது. வீக்கம் வடிய ஆரம்பித்தது. கண் திறந்து தண்ணீர் கேட்டார். அப்போதும் நான் அழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன்.

தூங்கி எழுந்தபோது காசிம் பாய் வாசலில் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி ஆட்கள் ஓரமாகத் தள்ளப் பார்த்து, அசையாததால் நின்ற இடத்திலேயே விட்டிருந்தார்கள். வண்டி நின்ற கையோடு பானெட்டில் சாய்ந்த வாட்ச்மேன், அது மண்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாய் ஆயில் பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினார். சொட்டு ஆயில் இல்லை. ரேடியேட்டருக்குள் விரலை விட்டுக் காட்டினார். காய்ந்து கிடந்தது. ஹேண்டிலைச் செருகி அவரும் வாட்ச்மேனும் தொங்கினார்கள். பழையபடி ஜாம். பாய் படியில் உட்கார்ந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அன்னிக்கு வண்டிய ஓட்டினது யாரு?"

"நான்தானுங்க பாய்."

"இல்லீங்க. நான் பாத்தேன். நீங்க பின்னாடி குனிஞ்சு உக்காந்திருந்தீங்க. அவரு தலை உங்க மடியில இருந்துச்சு. நான் கையத் தூக்கினேன். ஓட்டினவரு பதிலுக்குக் கையத் தூக்கினாரே."

நான் என் சேலையைப் பார்த்தேன். மடி முழுக்க அவர் வாயிலிருந்து வழிந்த ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. முன்சீட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்த டாக்டரிடம் போய் நான் ஓட்டவில்லை என்று சொல்ல நினைத்தேன். என்னவென்று சொல்வது?

"எப்படி இருந்தாருங்க?" என்று பாயிடம் கேட்டேன்.

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "வெயில் கண்ணைக் கூசிச்சு. முகம் தெரியலீங்க. கை மட்டும் தெரிஞ்சுச்சு. பெரிய கை." அவ்வளவுதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் தேறி வீடு வந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிக்கவில்லை, மறுத்துப் பேசவில்லை. "வழி பூரா உன்ர மடியிலதான் தலை வெச்சிருந்தேன் புள்ள" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் நொண்டிக்கொண்டே போய்க் கொட்டகைத் தகரத்தை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் ஆள் வைத்துப் பிரிக்கலாம் என்றேன், கேட்கவில்லை. கல்லுக்கால்களைப் பிடுங்கிக் குழியை மண் போட்டு மூடி மிதித்துவிட்டுத்தான் கஞ்சி குடித்தார்.

காசிம் பாய் எஞ்சினை இறக்கிப் பிரித்தார். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருந்தது. தட்டித் தட்டித்தான் எடுக்க முடிந்தது. இது நகர்ந்து ஓடியது என்று யாராவது சொன்னால் என் தொழிலையே விட்டுவிடுவேன், ஆனால் நானே பார்த்துவிட்டேனே என்றார். வேறு எஞ்சின் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். ஜீப் சாளைக்குக் கிழக்கே நிற்கிறது, இன்றைக்கும் ஓடுகிறது. அந்தப் பிஸ்டனை என் வீட்டுக்காரர் துடைத்து எடுத்துக்கொண்டுபோய்க் கருப்பணார் காலடியில் வைத்தார். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். புது லாரி வாங்குகிறவர்களும், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போகிறவர்களும் இப்போது அதற்குச் சந்தனம் பூசித் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

கூட்டங்களுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. போய் வருவார், முன்போல வந்து பேசுவதில்லை. தோட்டத்தில் எந்த வேலையில் இருந்தாலும் உச்சிப்பொழுதில் தடத்தை விட்டு ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு சித்த நேரம் நிற்பார். யாரைப் பார்த்து நிற்கிறார் என்று நானும் கேட்டதில்லை.

இந்த எழுத்தைப் படித்துப் பார்த்த பங்காளி ஒருவர், தூரமான விஷயத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். எடுப்பதானால் முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சாய்ப்பு இப்போது இல்லை. அந்த நாட்களில் நான் சாளைக்குள்தான் இருக்கிறேன், கொடிக்காலுக்கும் போகிறேன். வெற்றிலை கருகவில்லை. நீங்களும் உங்கள் வீட்டில் அப்படி இருங்கள் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் பாடு. ஒன்று மட்டும் சொல்வேன். உயிர் போகிற ஆபத்தில் நான் சுத்தமா, இந்த நேரத்தில் அவரைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். கூப்பிடுங்கள். பயபக்தியாக வார்த்தை வரவில்லையென்றால் கோபமாகக் கூப்பிடுங்கள். நான் சண்டைதான் போட்டேன். அவர் என் பாஷையைக் குற்றம் பார்க்கவில்லை, நான் இருந்த நிலையைப் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்து ஓட்டினார்.

எழுதிக்கொண்டே நேரம் போனது தெரியவில்லை. கொடிக்காலிலிருந்து வந்துவிட்டார். கை கால் கழுவுகிற சத்தம் கேட்கிறது. "ஏம் புள்ள, இன்னிக்குச் சோறு உண்டா இல்லியா?" என்கிறார். எழுந்து போய் அவருக்குச் சோறு போட வேண்டும்.